இருபத்தொன்றாம் பக்கத்து ஏணி

மணி பத்து இருபது. அவர் பதினொன்றுக்குத்தான் வருவார், ஞாயிற்றுக்கிழமை தவறமாட்டார் என்று தாவூத் பாய் சொல்லியிருக்கிறார், நான் ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். பாலக்கரையில் இந்த வாடகை நூலகம் ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரே அறை, உள்ளே போகப் போக வெளிச்சம் குறையும், கடைசியில் டியூப்லைட் எட்டாத மூலையில் பேய்க்கதை அலமாரி, அதற்கு எதிரே ஒரு ஸ்டூல். ஐந்து வாரமாக அந்த ஸ்டூலில்தான் உட்காருகிறேன். பாய் ஒன்றும் கேட்பதில்லை. இந்த ஆள் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், சம்சாரம் போய் இரண்டு வருஷம் ஆகிறது, அந்தம்மா படித்ததையெல்லாம் தானும் படித்துப் பார்க்க ஆசை போல என்று என்னைப் பற்றி நினைத்திருப்பார். போன வாரம் டீ கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் நான் படிக்க வரவில்லை. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து இருபத்தொன்றாம் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைக்கிறேன். இதுவரை நூற்றுப் பதினெட்டுப் புத்தகங்கள். எல்லாவற்றிலும் அந்த ஏணி இருக்கிறது. இரண்டு கோடு, நடுவில் மூன்று படி, பென்சிலில், நகத்தளவுதான். என் மனைவி சுலோச்சனா போட்ட மாங்காய்க் குறிக்குப் பக்கத்தில், தொட்டும் தொடாமலும், அதன் மேல் சாய்த்து வைத்த மாதிரி.

இருபத்தொன்றாம் பக்கத்தில்தான் பாய் நூலகத்து முத்திரையைக் குத்துவார். அந்த முத்திரைக்குக் கீழே வாசகர்கள் குறி போட்டுக்கொள்வது இங்கே வழக்கம், பாயின் அத்தா காலத்திலிருந்து இருக்கிறதாம். அட்டையும் தலைப்பும் எல்லாம் ஒன்று போலவே இருக்கும், படித்ததையே மறுபடி எடுத்துப் போய்விடக் கூடாது, அதற்காக. ஒருவர் நட்சத்திரம் போடுவார், ஒருவர் பெருக்கல் குறி, இன்னொருவர் மீன். யார் குறி யாருடையது என்று யாரும் கேட்பதில்லை, பாயும் பார்ப்பதில்லை, கேட்டால், "அது அவங்கவங்க சமாச்சாரம் சார், பொம்பளைங்க எல்லாம் வர்ற எடம்" என்று முடித்துவிடுவார். அவள் குறி மாங்காய் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் எதில்தான் மாங்காய் போடவில்லை, சேலைக் கரையில் வருமே அந்த மாதிரி வளைந்த மாங்காய், பால் அட்டையில், கேஸ் புத்தகத்தில், ஊறுகாய் பாட்டில் மூடியில், டெலிபோன் பேசும்போது நியூஸ் பேப்பர் ஓரத்தில். ஐந்து வாரத்துக்கு முன்னால் வீட்டு அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கியபோது அதற்கு அடியில் பாயின் புத்தகம் ஒன்று கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வாரத்தில் எடுத்து வந்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தேன். கொடுக்கும் முன் புரட்டிப் பார்த்தேன், இருபத்தொன்றில் மாங்காய் மட்டும் இருந்தது, தனியாக. அதோடு போயிருக்கலாம். அவள் வேறு எதெல்லாம் படித்தாள் என்று பார்க்கத் தோன்றியது, இந்த மூலைக்கு வந்தேன், முதலில் எடுத்த புத்தகத்திலேயே ஏணி, இரண்டாவதிலும் ஏணி, பத்தாவதிலும் ஏணி.

வெறும் குறி என்றால் கூட விட்டிருப்பேன். ஒருத்தி படித்ததை இன்னொருத்தன் படிக்கிறான், அலமாரி பொது. ஆனால் குறிக்குப் பக்கத்தில் புள்ளிகள். அவள்தான் ஆரம்பித்திருக்கிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாங்காய்க்கு வலப்பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி, எவ்வளவு பயமோ அவ்வளவு புள்ளி. சில மாதம் கழித்து ஏணிக்காரனும் புள்ளி வைக்க ஆரம்பித்திருக்கிறான். அவள் நாலு வைத்ததற்கு அவன் மூன்று, அவள் இரண்டு வைத்ததற்கு அவன் ஐந்து. அப்புறம் எழுத்து. 'ஈரச் சுவர்' என்று ஒரு நாவல், வாடகைக்கு வந்த வீட்டில் ஒரு சுவர் மட்டும் வெயில் காலத்திலும் காயாமல் இருக்கும், நாளுக்கு நாள் அந்த ஈரம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற வடிவத்துக்கு வரும், அவ்வளவுதான் கதை, பின் அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதில் அவள் எழுதியிருக்கிறாள்: மதியம் தனியாக இருக்கும்போது படிக்காதீங்க, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. அதற்குக் கீழே அவன்: வைத்துக்கொண்டேன், ஒரு சொம்பு போதவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் இது என் மனைவியைச் சிரிக்க வைப்பதற்காக எழுதியது என்று உறைத்தது. அவள் சிரித்திருப்பாள். எங்கே உட்கார்ந்து சிரித்தாள், இந்த ஸ்டூலிலா, பஸ்ஸிலா, வீட்டுக்கு வந்தா. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது சில நாள் அவள் முகம் ஒரு மாதிரி தெளிவாக இருக்கும், என்ன சுலோ என்றால் ஒன்றுமில்லை, சாம்பார் நல்லா வந்திருக்கு என்பாள். சாம்பார் எப்போதும் போலத்தான் இருக்கும்.

பவுடர். அதையும் சொல்ல வேண்டும். பல புத்தகங்களில் பக்கங்களின் மடிப்புக்குள்ளே வெள்ளையாக, மெல்லிசாக ஒரு தூள். விரலில் ஒட்டியது. முதல் வாரமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டான். கழுத்தில் பவுடர் போடுகிற ஆள், சுத்தமாக ஷேவ் செய்தவன், இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, பாக்கெட்டில் பென்சில், மாலையில் மலைக்கோட்டைப் பக்கம் நடக்கப் போகிறவன், பேங்க்கிலோ எல்.ஐ.சி.யிலோ வேலை. என் சட்டையில் முப்பத்திநாலு வருஷம் கிரீஸ் நாற்றம். சனிக்கிழமை சனிக்கிழமை மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவினாலும் நகக்கண் கறுப்பாகவே இருக்கும், அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பவுடர் போட்டவன் தொட்ட பக்கத்தைத் தொட்ட பிறகு என் கை அவளுக்கு எப்படி இருந்திருக்கும். பேய்க்கதை அலமாரிக்கு சுலோவைத் தவிர யார் விடாமல் வருவார்கள், இரண்டு பேரும் சேர்ந்து இங்கே வந்து பார்த்திருக்கிறீர்களா என்று பாயிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அம்மா புதன்கிழமை மதியம் வருவாங்க, அவரு ஞாயித்துக்கிழமை, பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவகூட மாத்தினதில்லை என்றார். அது ஆறுதலாக இருக்க வேண்டும். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. முகம் பார்க்காமலே இவ்வளவு பேச முடியும் என்றால் முகம் பார்த்துக்கொண்டே இருந்த நான் எங்கே இருந்தேன்.

எனக்குத் தெரியும் எங்கே இருந்தேன் என்று. கல்யாணமான மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் ஒரு கதையை ஆரம்பித்தாள். ஒரு வீட்டில் நாலு பேர், தினமும் சாப்பாட்டுக்கு ஐந்து இலை போடப்பட்டிருக்கும், யார் போட்டது என்று யாருக்கும் நினைவில்லை, ஐந்தாவது இலையை எடுக்க யாருக்கும் கை வராது. 'ஐந்தாவது இலை'. சொல்லும்போது அவள் குரல் இறங்கியது, கரண்டி அப்படியே நின்றது. நான் எட்டாவது வரைதான் படித்தவன், அதற்கு அப்புறம் எல்லாம் நானே கற்றுக்கொண்டது, மோட்டார் தத்துவம், பொது அறிவு, தலைவர்கள் வரலாறு, படித்தால் உபயோகம் இருக்க வேண்டும் என்கிற ஜாதி. "செத்தவன் சாப்பிட வந்தா முதல்ல ரேஷன் கார்டுல பேரைச் சேக்கச் சொல்லு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் தங்கபாக்கியத்திடம் கூடச் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு பேய்க்கதையும் சொல்லவில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை என்பதுதான் விஷயம், அவள் இருந்த இருபத்தாறு வருஷமும் கவனிக்கவில்லை, போன மாதம்தான் இந்த ஸ்டூலில் கவனித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை 'ஐந்தாவது இலை'யை எடுத்துப் போய்ப் படித்தேன். அது ஒன்றுதான் நான் படித்தது. அவள் அதற்கு ஐந்து புள்ளி வைத்திருந்தாள், அவனும் ஐந்து. இருவரும் ஐந்து வைத்தது மொத்தம் ஏழு புத்தகம், நான் எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு ரத்தம் பிடிக்காது, மண்டை ஓடு, மந்திரவாதி, வௌவால் எல்லாம் வந்தால் ஒரு புள்ளிதான், சில சமயம் அதுவும் இல்லை. வீட்டுக்குள்ளே ஒரு பொருள் அரை அங்குலம் நகர்ந்திருக்க வேண்டும், அதுதான் அவளுக்கு. 'தாழ்ப்பாள்' என்று ஒன்று, உள்ளே தாழ் போட்ட அறைக்கு உள்ளிருந்து யாரோ மரியாதையாகக் கதவைத் தட்டி அனுமதி கேட்பார்கள். அதற்கு ஐந்து. கதையைக் கடைசிப் பக்கத்தில் விளக்கிவிடுகிறவர்களை அவளுக்கு ஆகாது, 'ஏன் சொல்லிட்டார்' என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாள், அவன் 'அதானே' என்று எழுதியிருக்கிறான். அதானே. முப்பது வருஷம் குடித்தனம் செய்தவன் நான், அவளுக்கு என்ன மாதிரி பயம் பிடிக்கும் என்று ஒரு ஏணிக்குத் தெரிந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, நல்ல வெயிலில், நூற்றி நாற்பதாம் பக்கத்தில் அந்த வீட்டு மருமகள் ஐந்தாவது இலைக்கும் சோறு போட்டுவிட்டு "போதுமா" என்று கேட்கிறாள். நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை, ஆனால் எழுந்து போய்ப் பார்க்க மனம் வரவில்லை. ஒரு பத்து நிமிஷம் அப்படியே இருந்தேன், யாரிடமாவது இதைச் சொன்னால் போதும் என்று இருந்தது. யாரிடமாவது. அப்போதுதான் அவளுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது, எத்தனை மதியம், நான் பட்டறையில், அவள் அந்தச் சமையலறை வாசலில். புரிந்துகொண்டால் பொறாமை போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. அவள் சொல்ல ஆள் தேடியது நியாயம்தான், கிடைத்தது மட்டும் ஏன் அவன்.

மணி பத்தே முக்கால். பையில் 'பதினோராவது படுக்கை' இருக்கிறது, அதை அலமாரியில் விடவில்லை, மூன்று வாரமாக என்னிடம்தான். அதை அவன் கையில் கொடுத்து முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இன்றைக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக் கதை, பத்துப் படுக்கை உள்ள வார்டில் நோயாளிகள் மட்டும் பதினொன்றை எண்ணுவார்கள். உள்ளே ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டுப்படி அதை அவள் படித்தது வயிற்று வலி ஆரம்பித்து, ஸ்கேன் எடுத்து, டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசிய மாதத்தில். அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததால் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஒரே ஒரு தடவை ஆட்டோவில் வரும்போது, ஏதாவது பயமாக இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், வேறு மாதிரி வந்தது, "உனக்கு என்ன, பேய்க்கே பயப்படாதவ" என்றேன். "ஆமா, எனக்கென்ன பயம்" என்றாள். அந்தப் பேச்சு அங்கே முடிந்தது. இருபத்தொன்றாம் பக்கத்தில் மாங்காய், புள்ளியே இல்லை, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறாள்: எனக்கு இப்பல்லாம் நிஜமாவே பயமா இருக்கு. கீழே ஏணி, அவன் எழுத்தில்: எனக்கும். அடுத்து எதைப் படிக்கலாம்? இதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. என்னிடம் சொல்லாத ஒன்றை, உலகத்திலேயே நான் ஒருவன் மட்டும் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை, அவனிடம் சொல்லியிருக்கிறாள், அவனும் அது என்னவென்று தெரியாமல் ஏதோ பலகாரக் கடையில் அடுத்து என்ன சூடாக இருக்கிறது என்று கேட்பதுபோல் கேட்டிருக்கிறான். தெரிந்து கேட்டானா தெரியாமல் கேட்டானா. தெரிந்திருந்தால் அது ஒரு விதக் கொலை, தெரியாமல் என்றால் வேறு விதம். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஐந்து வாரமாகத் தூக்கம் சரியில்லை.

வாசலில் மொபெட் நிற்கிற சத்தம். பாய் வாங்க என்கிறார். வருகிற ஆளைப் பார்த்ததும் இது வேறு யாரோ என்று மறுபடி வாசலைப் பார்க்கிறேன், ஏனென்றால் குட்டையாக, லுங்கி, பனியனுக்கு மேல் பொத்தான் போடாத சட்டை, அறுபத்தைந்து வயது இருக்கும், காது மடலிலும் புருவத்திலும் கைமயிரிலும் வெள்ளையாக மாவு. மாவு. "மில்லுக்கு இன்னிக்கு லீவு இல்லியா பெரியநாயகம்" என்று பாய் கேட்க, ஞாயித்துக்கிழமைதான் ஊரே மொளகாத்தூள் அரைக்க வருது பாய், அரை மணி நேரம் மச்சான உக்கார வெச்சிட்டு வந்தேன் என்கிறார். நான் ஐந்து வாரமாகக் கழுத்தில் பவுடர் போட்டு அலங்கரித்து வைத்திருந்த ஆள் மாவு மில்காரர். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். இவரைப் போய் வெறுக்க ஐந்து வாரம் செலவழித்தேனே என்று கோபம்தான் வந்தது. அவர் நேரே என் மூலைக்கு வந்து, என்னைப் பார்த்து மரியாதைக்குத் தலையசைத்துவிட்டு, புதிதாக வந்த நாலு புத்தகத்தை ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் பிரிக்காமல் சரியாக இருபத்தொன்றைத் திறந்து பார்த்து, மூடி, வைக்கிறார். நான்காவதையும் வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறார். பெரிய பண்டிகைக் கூட்டத்தில் கூட வந்தவரைத் தவறவிட்டவர் நிற்கிற மாதிரி.

என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறேன். கொஞ்சம் வெட்கப்பட்டு, ஒருத்தங்க குறி போடுவாங்க சார், அவங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் நான் எடுக்குறது, ரெண்டு வருஷமா அவங்க குறியையே காணோம், அதனால எதையும் எடுக்காமலே போறேன், மத்தவங்க பேச்சை நம்பி எடுத்தா எல்லாம் ஒரே வௌவாலா இருக்கு என்கிறார். அந்த வௌவால் என்னைக் குத்தியது. அது அவள் சொல். "மாங்காய்தானே" என்றேன். அவர் திரும்பினார். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே அதுவரை தெரியாது, அவரிடம் அவள் ஒரு துளி கூட மிஞ்சக் கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

"அது என்னோட குறிதான்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாவு என் கையெல்லாம். நீங்கதானா சார், எத்தனை வருஷம் சார் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. 'ஈரச் சுவர்' படித்துவிட்டு மில்லில் ஈரமான மூட்டையைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு போனது, 'தாழ்ப்பாள்' படித்த வாரம் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக் குளித்து வீட்டில் திட்டு வாங்கியது, என் சம்சாரம் சொல்லுவா சார், அந்த மாங்காய் யாருன்னு பாத்து ஒரு நாளைக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, உங்களை இப்படிப் பயமுறுத்துற ஆளை நானும் பாக்கணும்னு. அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன், படிக்காத கதைக்கெல்லாம் சிரித்தேன், அவளுக்கு வந்து சேர வேண்டிய பேச்செல்லாம் எனக்கு வந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றையும் பிடுங்கி வைத்துக்கொள்வது போல இருந்தது, திருட்டு என்று தெரிந்தும் இன்னும் வேண்டும் என்று இருந்தது. அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தினார். ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு சார், தப்பா எடுத்துக்காதீங்க என்றார்.

"அந்த ஆஸ்பத்திரிக் கதையில எழுதியிருந்தீங்களே, நிஜமாவே பயமா இருக்குன்னு. நான் கிறுக்கன், கதையைத்தான் சொல்றீங்கன்னு அடுத்து என்ன படிக்கலாம்னு கேட்டுட்டேன். பத்து நாள் கழிச்சு மில்லுல மாவு அள்ளிட்டு இருக்கும்போது திடீர்னு புரிஞ்சுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து அழிச்சுட்டு வேற எழுதலாம்னு பாத்தா புஸ்தகம் வெளிய போயிருந்துச்சு. அது திரும்பி வர்றதுக்குள்ள உங்க குறியே நின்னுபோச்சு, இனி யாருக்கு எழுதறதுன்னு விட்டுட்டேன். இப்ப சரியாயிடுச்சா சார்? அந்தப் பயம்."

சரியாகிவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் அவர் சந்தோஷமாக மொபெட் ஏறிப் போவார், வாரா வாரம் நான் மாங்காயாக இங்கே உட்காரலாம். அவருக்குப் பத்து நாளில் புரிந்திருக்கிறது. ஒரே ஒரு வரியை வைத்து, முகம் பார்க்காமல், மாவு அள்ளும்போது. நான் அவளை ஆட்டோவில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன், அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. பதில் எனக்குத் தெரியாது, அதுதான் உண்மை, அந்தப் பயம் கடைசியில் அவளுக்குச் சரியாயிற்றா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

"அது நான் இல்லை" என்றேன். "என் வீட்டுக்காரி. போயிட்டா, ரெண்டு வருஷம் ஆகுது. சரியாச்சான்னு எனக்குத் தெரியாது."

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்டால் பதிலுக்குக் கேட்க என்னிடம் ஐந்து வாரத்துக் கேள்வி இருந்தது. அவர் கேட்கவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் ஸ்டூலில் உட்கார்ந்தார், முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். வயசான ஆள் பழக்கமில்லாமல் அழுகிற சத்தம், மூக்கு அடைத்து, தோள் குலுங்கி. மாவில் கண்ணீர் இறங்கிக் கன்னம் கோடு கோடாகப் பிசுபிசுத்தது. சுடுகாட்டிலும் சரி, பதினாறாம் நாளும் சரி, வீடு காலியான பிறகும் சரி, எனக்கு வராத ஒன்று அவருக்கு ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது, அதுவும் என் ஸ்டூலில், என் மனைவிக்காக. பாய் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தார். யார் யாருக்கு என்ன என்று அவருக்கு என்ன தெரியும், அழுகிறவரிடம்தான் போனார். தோளில் கை போட்டு, என்னய்யா, என்ன ஆச்சு, யாரு போயிட்டாங்க என்று முதுகைத் தடவிக் கொடுத்தார், வாசல் பக்கம் திரும்பி டீக்கடைப் பையனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் அலமாரியை ஒட்டி நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டேன். பைக்குள் 'பதினோராவது படுக்கை'யைப் பிடித்தபடி, அவர் முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.